வேலையில்லாப் பெரட்டு

சங்கு ஊதவில்லை. ஊத ஆள் இல்லை. ஃபேக்டரியைப் பூட்டி அப்போது சில வாரங்கள் ஆகியிருந்தன.

காலையில் டிஸ்பென்சரியைத் திறந்ததும் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருக்கும் ஈரத்தைத் துணியால் துடைப்பேன். அந்த நாட்களில் நர்ஸாக எனக்கிருந்த வேலை ஏறக்குறைய அவ்வளவுதான். அன்று துடைத்த இடத்தின் வழியாகப் பார்த்தபோது எதிர்க் களத்தில் ஒரே ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. முதுகில் கூடை. இடுப்பைச் சுற்றிச் சாக்கு. தலையில் பிளாஸ்டிக் தாள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவள் எப்படிக் கிளம்புவாளோ அப்படியே.

பாக்கியம். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்தில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார்.

வெளியே போய்க் கேட்டேன்.

"ஏனுங்க பாக்கியக்கா, யாருமே வரலை. குளுர்ல நீங்க மட்டும் எதுக்குங்க?"

"பெரட்டுக்கு வந்தேன் நர்சம்மா."

"பேர் கூப்பிட மேஸ்திரியே இல்லைங்களே."

"அவரு வராதது அவரு பாடு. நான் வந்துட்டேன்ல."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூடையை ஒரு தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, களத்திலிருந்து இறங்கிப் பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

பெரட்டு என்ற சொல்லை நானே மலைக்கு வந்த பிறகுதான் கேட்டேன். காலையில் தொழிலாளிகளை ஒரு களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்ன ஆள் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. இலங்கைத் தோட்டங்களில் 'பரேட்' என்ற இங்கிலீஷ் சொல் தேய்ந்து அப்படி ஆனதாம். அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் அதையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் அதை 'மஸ்டர்' என்பார்கள். லயத்தில் கடைசிவரை பெரட்டுதான்.

விலை விழுந்த விதம்

தேயிலை விலை விழுந்ததைப் பேப்பரில் படித்தவர்கள் உண்டு. நான் அதை மருந்து அலமாரியில் பார்த்தேன்.

முதலில் இருமல் மருந்து வருவது நின்றது. பிறகு பஞ்சும் கட்டுத்துணியும் குறைந்தன. அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் வருகிறவர்களுக்குப் பழைய சேலையைக் கிழித்து வேகவைத்துக் கட்டினேன். ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புக்கு டீசல் இல்லை என்றார்கள். கடைசியில் ஜீப்பையே காணோம்.

ஆபீஸிலும் அப்படித்தான். சம்பளத் தேதி தள்ளிப்போயிற்று. பிறகு அரைச் சம்பளம், பிறகு பண்டிகைக்கு மட்டும் ஏதோ கொஞ்சம். சுற்றியிருந்த படகர் ஊர்களில் சொந்தமாகத் தேயிலை வைத்திருந்தவர்கள் கொழுந்து எடுப்பதையே விட்டிருந்தார்கள். எடுக்கிற கூலிக்குக்கூட ஃபேக்டரிக்காரர் தருகிற விலை போதவில்லை. கை படாத தேயிலைச் செடி என்ன ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது மரமாகும். இடுப்புயரத்தில் மேசைபோல் வெட்டிவிட்ட பரப்பு கலைந்து, ஆளுயரத்துக்கு மேலே போய், வெள்ளைப் பூ பூக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒருநாள் மேனேஜர் குடும்பத்தோடு கீழே இறங்கினார். "தொரை லீவுல போயிருக்காரு" என்றார் கிளார்க். தொரை திரும்பவில்லை. ஃபேக்டரிக்குப் பூட்டு விழுந்தது. மூடிவிட்டோம் என்று எழுதி ஒட்டவும் இல்லை, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லவும் இல்லை. எனக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. டிஸ்பென்சரிச் சாவி என்னிடம் இருந்தது, குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்தது. திறந்து உட்கார்ந்தேன். கோயமுத்தூரிலிருந்து என் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செயலாளர் சொன்னது

குன்னூரிலிருந்து தொழிற்சங்கச் செயலாளர் வந்தார். மெலிந்த மனிதர், எப்போதும் மஃப்ளர் சுற்றியிருப்பார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் படியில் ஏறி நின்று பேசினார். களம் நிறைந்திருந்தது.

அவர் சொன்னது சிக்கலான விஷயமல்ல. வேலை கொடுக்க முடியாத முதலாளி தொழிலாளிக்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டுமென்றால் தொழிலாளி தினமும் வேலை நேரத்துக்கு வேலை இடத்தில் வந்து நிற்க வேண்டும். வராதவர்களை, தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டால் பாதிச் சம்பளம் மட்டுமல்ல, இத்தனை வருஷ சர்வீஸும் போகும், லயத்து வீடும் போகும்.

"அதனால தினமும் வாங்க. வந்து நில்லுங்க. நிக்கிறதுதான் இப்ப உங்க வேலை" என்றார்.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். திருவிழாக் கூட்டம்போல் பேச்சும் சிரிப்பும் டிஸ்பென்சரி வரை கேட்டது. பிறகு மெல்லக் குறைந்தது. செயலாளர் வருவதும் நின்றது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வருஷங்களில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் எத்தனையோ எஸ்டேட்களில் இதே கதைதான். எல்லாக் கொட்டகைப் படியிலும் ஏறி அவர் இதையே சொல்ல வேண்டியிருந்தது.

நிற்கிறவர்கள் ஒரு வரிசை ஆனார்கள். வரிசை நாலைந்து பேராயிற்று. பிறகுதான் நான் மேலே சொன்ன காலை.

பேர் வெட்டு

முழங்காலுக்குத் தைலம் கேட்டு பாக்கியம் டிஸ்பென்சரிக்கு வருவார். தைலம் தீர்ந்துபோன பிறகும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே பேசுவார். அப்படி ஒரு நாள்தான் அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அப்பாவுக்கு அங்கே பேர் பதிந்திருந்தது. பேர் பதிந்த ஆளுக்குத்தான் லயத்தில் காம்பரா கிடைக்கும். காம்பரா என்றால் ஒற்றை அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. தோட்டத்தில் ஏதோ தகராறு வந்து வேலை நிறுத்தினார்கள். எப்படியும் கொஞ்ச நாள் ஆகும், அதற்குள் தங்கச்சி கல்யாணத்துக்குப் போய் வந்துவிடலாம் என்று அப்பா மாத்தளைப் பக்கம் குடும்பத்தோடு போனார்.

"திரும்பி வந்தா எங்க காம்பராவுல வேற ஆளு இருக்கு நர்சம்மா. எங்க சட்டி பானையெல்லாம் வாசல்ல. அப்பாவக் கூப்பிட்டு, நீ சொல்லாம கொள்ளாமப் போயிட்ட, பேர வெட்டியாச்சுன்னுட்டாங்க. சண்டை போட்டவங்க பேரெல்லாம் இருந்துச்சு. கல்யாணத்துக்குப் போனவரு பேரத்தான் வெட்டினாங்க."

"அப்புறம் என்னங்க பண்ணினீங்க?"

"அப்புறம் என்ன. அத்த ஊட்டு இஸ்தோப்புல கெடந்தோம். கப்பல் ஏறுற வரைக்கும்."

அவர் அதைப் பெரிய சோகமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்கிற குரல்தான். சங்கச் செயலாளரின் பேச்சைக் கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அந்த வாசலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கேத்திக்குப் போகிற பஸ்

நின்றால் வயிறு நிறையாது. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்கவும் மூட்டை கட்டவும் ஆள் தேவைப்பட்டது. விடியும் முன்பே கிளம்பி வருகிறவர்களுக்கு முழுக் கூலி. நின்றுவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் போகிற பாக்கியத்துக்கு அரைக் கூலி. சில நாள் அதுவும் இல்லை. பிடுங்கி முடித்த பாத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

பாக்கியத்தின் பக்கத்துக் காம்பராவில் தெய்வானை இருந்தாள். முப்பது வயது இருக்கும். வெடுக்கென்று பேசுவாள். இரண்டு பிள்ளைகள், புருஷன் லாரியில் போனவன் எப்போதாவது வருவான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். குழம்பு, தீப்பெட்டி, பிள்ளைகள் எல்லாம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வரும். தெய்வானை ஆரம்பத்திலேயே நிற்பதை விட்டுவிட்டுக் கேத்திக்குப் போக ஆரம்பித்தாள்.

ஒரு மாலை சின்னவனுக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தாள். பாக்கியமும் கூட வந்தார். நான் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களுக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சு என் எதிரிலேயே தொடர்ந்தது.

"காலையில வந்து ஒரு அரை மணி நேரம் நின்னுட்டுப் போனா என்னடி?"

"நின்னா சோறு வருமாக்கா?"

"பேரு இருக்கும்."

"பேர வச்சுக் கஞ்சி காச்சவா? உனக்கு ஒத்த வயிறு. நீ நிக்கலாம். எனக்கு இந்த ரெண்டும் இருக்கு."

இருவர் சொன்னதும் சரியாக இருந்தது. பையனுக்குக் கொடுக்க என்னிடம் பாதி பாட்டில் காய்ச்சல் மருந்து இருந்தது, கொடுத்து அனுப்பினேன். போகும்போது பையனைத் தூக்கிக்கொண்டது பாக்கியம்தான்.

பாக்கியம் வராத நாட்கள்

மழைக்காலம் வந்தது. மழையிலும் நின்றார். ஒருநாள் காலை ஜன்னலைத் துடைத்தபோது களத்தில் நின்ற உருவம் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. பிளாஸ்டிக் தாளுக்குள் யாரென்று தெரியவில்லை. கூடை பாக்கியத்தின் கூடைதான். பிடியில் அவர் சுற்றியிருந்த சிவப்புத் துணி தெரிந்தது.

தெய்வானை.

"அக்காவுக்கு நெஞ்சு சளி. எந்திரிக்க முடியல" என்றாள். "நேத்து ராத்திரியெல்லாம் அனத்திக்கிட்டே, நாளைக்குப் பெரட்டு, நாளைக்குப் பெரட்டுன்னு ஒரே பொலம்பல். சரி போய்த் தொலையிறேன்னு வந்தேன்."

லயத்துக்கு ஓடினேன். நிமோனியா. மூச்சு விலாவை இழுத்தது. கேரட் ஏற்றிப் போக வந்த ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி, பின்னால் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிறைய நாள் இருக்க வேண்டியிருந்தது.

அத்தனை நாளும் தெய்வானை நின்றாள். கேத்தி முழுக் கூலியை விட்டுவிட்டுத்தான் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துக் கீழ் லயத்திலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். எதற்காக வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தெய்வானை தனியாக நிற்கிறாளே என்று வந்திருக்கலாம்.

பாக்கியம் திரும்பி வந்து பழையபடி களத்துக்கு வர ஆரம்பித்த பிறகு, தெய்வானை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். அங்கே பனியன் கம்பெனியில் அவளுடைய சித்தி மகள் இருந்தாள். சாவியைப் பாக்கியத்திடம் கொடுத்தாள். சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை.

விசாரணை

நிர்வாகம் எஸ்டேட்டை விற்கப் பார்த்தது. வாங்க வந்தவருக்கு ஆள் இல்லாத எஸ்டேட் வேண்டியிருந்தது. வேலையை விட்டுத் தாங்களாகவே போனவர்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. மஃப்ளர் செயலாளர் அதை எதிர்த்து மனு போட்டார். சமரசப் பேச்சுக்குக் குன்னூருக்குக் கூப்பிட்டார்கள்.

ஒரு நீண்ட மேசை. அந்தப் பக்கம் நிர்வாகத்தின் ஆள், கோயமுத்தூர்க்காரர், நல்ல கோட்டு. இந்தப் பக்கம் செயலாளர், பாக்கியம், இன்னும் சிலர். எஸ்டேட் ஸ்டாஃப் என்பதால் நான் தனியாக ஓரத்தில் இருந்தேன். நடுவில் இருந்த தொழிலாளர் துறை அதிகாரி வயதானவர். எல்லோரையும் உட்காரச் சொன்ன பிறகும் பாக்கியம் நாற்காலியின் நுனியில்தான் இருந்தார்.

"நீங்க தினமும் வேலைக்கு வந்து நின்னீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"நின்னேங்க."

"உங்ககூட வேற யார் வந்தா?"

"எல்லாரும் வந்தாங்க."

கோட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். "ஐயா, பாதிப் பேர் ஊர்லயே இல்லை. மேல் லயம் தெய்வானைன்னு ஒரு பொண்ணு திருப்பூர்ல வேலை பாக்குது. நாங்க விசாரிச்சிருக்கோம். அந்தப் பொண்ணும் வந்து நின்னுச்சா?"

"நின்னா."

"எப்போம்மா?"

"எனக்கு நெஞ்சு சளி வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப. என் கூடையப் போட்டுக்கிட்டு நின்னா. மழை நாளு."

கோட்டுக்காரர் காகிதத்தைப் புரட்டினார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். டிஸ்பென்சரி களத்துக்கு எதிரில்தானே, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். யார் யார் எந்தெந்த நாள் நின்றார்கள் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அவர் கேட்டது அதையல்ல.

"நான் பாத்தவரைக்கும் ஒரு நாள்கூடக் களம் காலியா இருந்ததில்லைங்க" என்றேன்.

அதை எழுதிக்கொண்டார். கோட்டுக்காரர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் அவர் நிர்வாகம்தான் சம்பளம் தர வேண்டும்; தராமல் இருந்ததால் அந்தப் பார்வைக்குப் பெரிதாகப் பயப்படவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பாக்கியமும் நானும் ஒரே சீட்.

"ஏனுங்க பாக்கியக்கா, எல்லாருமுன்னு சொல்லிப்போட்டீங்க. உங்களைப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனவங்களும் அதுல இருக்காங்களே."

"இருக்காங்க."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வளைவு தாண்டியபிறகு சொன்னார். "என் ஒருத்தி பேரு இருந்தா அதுக்கு யாரு ஃபேக்டரியத் தொறப்பா? லயம் முச்சூடும் இருட்டாக் கெடந்து நான் மட்டும் வெளக்குப் போட்டு உக்காந்திருக்கவா? காய்ச்சல் வந்தா யாரக் கூப்பிடுவேன்?"

கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

அரை நாள் லீவு

இன்னும் பல முறை கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. நின்ற நாட்களுக்கான பாதிச் சம்பளத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. செயலாளருக்கு அதில் திருப்தி இல்லை. ஆனால் யார் பேரும் வெட்டப்படவில்லை. சர்வீஸ் அறுபடவில்லை. புதிதாக வாங்கியவர் பழைய ஆட்களோடுதான் எஸ்டேட்டை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேயிலை விலையும் கொஞ்சம் மூச்சு விட்டது. ஃபேக்டரி திறந்தது. மரமாகி நின்ற செடிகளைப் பழைய உயரத்துக்குக் கவ்வாத்து வெட்டவே ஒரு பருவம் போயிற்று.

போனவர்களில் பலர் திரும்பினார்கள். தெய்வானை திரும்பவில்லை.

ஒருநாள் ரோட்டுக் கடை டெலிபோனுக்கு அவள் கூப்பிட்டாள். நான் அப்போது கடையில் இருந்தேன். கடைக்காரர் ஆள் அனுப்பி பாக்கியத்தைக் கூப்பிட்டார். பாக்கியம் வந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். தெய்வானையின் குரல் பெரிய குரல். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நான் வரலக்கா. புள்ளைங்கள இங்க இஸ்கூல்ல போட்டுட்டேன்."

"அங்க பேரு பதிஞ்சிருக்கா?"

"இங்க எவன் பேரு பதியிறான். லீவு கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாளைக்கு வராதன்னா வராததுதான். ஆனா சனிக்கெழமையானா சம்பளம் கைக்கு வந்துருது."

பாக்கியம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"என் அம்மிய மட்டும் பஸ்ல ஏத்தி வுடுறியாக்கா? இங்க வாங்குனது சரியா அரைய மாட்டேங்குது."

"சரிடி."

மறுநாள் மருந்துக்குக் கையெழுத்து வாங்க ஆபீஸுக்குப் போயிருந்தேன். பாக்கியம் மேசைக்கு எதிரே நின்றிருந்தார். புது மேனேஜர் சின்ன வயதுக்காரர்.

"எதுக்கு லீவு?"

"அம்மி ஏத்தி விடணுங்க."

அவருக்குப் புரியவில்லை. "சரி, அரை நாள் போயிட்டு வாங்க. சம்பளம் கெடையாது."

"சம்பளத்தோட லீவு எனக்குச் சேந்திருக்குங்க தொரை."

மேனேஜர் கிளார்க்கைப் பார்த்தார். சர்வீஸ் அறுபடாததால் லீவும் அறுபடவில்லை என்பதைக் கிளார்க் மெதுவாக எடுத்துச் சொன்னார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு பேர் தூக்க வேண்டிய அம்மியை பாக்கியம் சாக்கில் கட்டி, லயத்துப் பெண்களின் துணையோடு ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் குன்னூர் போக நின்றிருந்தேன். மேட்டுப்பாளையம் போகிற பஸ் முதலில் வந்தது. கண்டக்டர் முணுமுணுத்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மேட்டுப்பாளையத்தில் தெய்வானையின் சித்தி மகள் வந்து இறக்கிக்கொள்வாள் என்று பாக்கியம் அவரிடம் இரண்டு தரம் சொன்னார். குழவி தனியாக உருண்டுவிடக் கூடாதென்று சீட்டுக்கு அடியில் தானே ஏறி வைத்துவிட்டு இறங்கினார். பஸ் வளைவில் மறைந்தது. துணைக்கு வந்த பெண்கள் மலைக்குத் திரும்பினார்கள்.

மணி பத்துகூட ஆகியிருக்காது. பாக்கியம் ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, லயத்துக்குப் போகலைங்களா?"

"என் லீவு மத்தியானம் வரைக்கும் இருக்கு நர்சம்மா."

காலை நீட்டி, முழங்காலில் வெயில் படுகிற மாதிரி சேலையைச் சரிசெய்துகொண்டார். என் பஸ் வந்து நான் ஏறியபோதும் எழுந்திருக்கவில்லை. எதிர் மலையில் மற்றவர்கள் கொழுந்து எடுப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.